தலைவர்கள் அழலாமா?

ஒரு தலைவருக்கு வேண்டிய குணம் எது என்று கேட்டால் நம் மக்களில் பலர் சட்டென்று சொல்வது 'துணிச்சல்' என்பதுதான். அவர் மேடையேறினால் இடிபோல் முழங்க வேண்டும்; எதிரணியில் இருப்பவரைச் சொல்லால் அடித்து வீழ்த்த வேண்டும்; வானமே இடிந்து விழுந்தாலும் அவர் கண் கலங்கக் கூடாது. இப்படி ஓர் உருவத்தை உள்ளத்தில் வரைந்து வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிறவரைத் 'தலைவர்' என்கிறோம். பொருந்தாதவரைக் 'கோழை' என்கிறோம். இந்த அளவுகோல் சரியானதுதானா என்பதைச் சற்றே நிதானித்துச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

மார்க்க இதழில் அரசியல் பேச்சு எதற்கு என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்பதற்காக நாம் இதை எழுதவில்லை. நம் பிள்ளைகளின் அக்லாக்கைப் பற்றிய கவலையே எழுதத் தூண்டியது. நம் அம்பகரத்தூர் மக்கள் வாக்களிப்பது புதுச்சேரி சட்டமன்றத்திற்கு. ஆனால் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் பேசுவதெல்லாம் பெரும்பாலும் சென்னை அரசியல்தான். ஒரு தலைவர் எதிர்க்கட்சிக்காரரின் வீட்டுப் பெண்களை இழித்துப் பேசினால், அந்தப் பேச்சு அன்றிரவே கைப்பேசி வழியாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மறுநாள் அதே சொல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் வாயில் வருகிறது. தேர்தல் முடிந்து வெற்றி பெற்றவர்கள் பதவியேற்றும் விடுகிறார்கள். ஆனால் அவர்களுக்காகச் சண்டையிட்ட இரண்டு முஸ்லிம்கள், ஒரே பள்ளியில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு, ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லாமல் ஆளுக்கொரு வாசல் வழியே வெளியேறுகிறார்கள். ஒரு முஸ்லிம் தன் சகோதரனுடன் மூன்று நாட்களுக்கு மேல் பேசாமலிருப்பது ஆகுமானதல்ல என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்க, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தல் ஐந்தாண்டுப் பகையை விட்டுச் செல்கிறதென்றால், இது மார்க்கப் பிரச்சினையன்றி வேறென்ன?

ஆகவே இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்வோம். உள்ளம் இளகியவர் நல்ல தலைவராக இருக்க முடியுமா? நம் மார்க்கத்தைச் சேராத தலைவர்களிடம் கண்ணியமான குணம் தென்பட்டால், அதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாமா?

இளகிய உள்ளம் பலவீனமா?

முதற் கேள்வியை நமக்கு முன்பே ஒருவர் எழுப்பியிருக்கிறார். அவர் நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி நோயில் எழ முடியாமல் படுத்திருந்தபோது, மக்களுக்குத் தொழ வைக்க அபூபக்ரை ஏவுங்கள் என்று கட்டளையிட்டார்கள். தந்தையைப் பற்றி மகளுக்குத் தெரியாதா? என் தந்தை மிகவும் இளகிய உள்ளம் படைத்தவர். தங்களுடைய இடத்தில் நின்றால் அழுகை மேலிட்டு, ஓதுவது மக்களுக்குக் கேட்காமல் போய்விடும். உமரை ஏவலாமே என்று ஆயிஷா (ரலி) எடுத்துரைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டும், அபூபக்ரே தொழ வைக்கட்டும் என்று உறுதியாகக் கூறிவிட்டார்கள்.

சில நாட்களில் அந்தப் பெருந்துயர் நேர்ந்தது. ஹிஜ்ரி 11-ஆம் ஆண்டு, கி.பி. 632. வீரத்தின் மறு உருவமென நாம் போற்றும் உமர் (ரலி) அவர்களால் செய்தியைத் தாங்க முடியவில்லை. நாயகம் இறக்கவில்லை என்று மக்கள் நடுவில் ஆவேசமாக முழங்கிக்கொண்டிருந்தார்கள். அந்நேரத்தில் வந்தவர் அழுகிற அபூபக்ர் (ரலி) அவர்களே. உள்ளே சென்று நாயகத்தின் திருமுகத்தைத் திறந்து முத்தமிட்டு அழுதார்கள். பிறகு வெளியே வந்தார்கள். முஹம்மதை வணங்கியவர்கள் இருந்தால் அவர் மரணித்துவிட்டார் என்பதை அறிந்துகொள்ளட்டும். அல்லாஹ்வை வணங்குகிறவர்கள், அவன் என்றும் உயிரோடிருப்பவன் என்பதை அறிந்துகொள்ளட்டும் என்ற கருத்தைச் சொல்லித் திருமறை வசனத்தை ஓதினார்கள். சிதற இருந்த சமுதாயம் நிலைபெற்றது.

சகோதரர்களே! அன்று யார் உறுதியாக நின்றார்கள் என்று பாருங்கள். அழுதுவிட்டு வந்தவர்தாம் உறுதியாக நின்றார். துக்கத்தை உள்ளபடி ஒப்புக்கொண்டவரால்தான் உண்மையையும் உள்ளபடி சொல்ல முடிந்தது. இளகிய உள்ளம் தலைமைக்கு இழுக்கென்றால், நாயகம் (ஸல்) அவர்கள் தம் தொழுகை இடத்தை அவரிடம் ஒப்படைத்திருப்பார்களா?

ஆட்சிப் பொறுப்பேற்றதும் அபூபக்ர் (ரலி) அவர்கள் ஆற்றிய முதல் உரையும் இதே உள்ளத்திலிருந்து வந்தது. நான் உங்களில் சிறந்தவன் அல்லன்; நன்மை செய்தால் துணை நில்லுங்கள், தவறினால் திருத்துங்கள் என்ற கருத்தில் அவ்வுரை அமைந்தது. தன் குறையைச் சபையில் ஒப்புக்கொள்ளும் தைரியம் கல்நெஞ்சருக்கு வருவதில்லை.

கண்ணீருக்கு உரைகல்

இங்கே ஒரு மறுப்பு எழும். "ஹஜ்ரத், இன்றைய தலைவர்களும்தான் அழுகிறார்கள். படக்கருவி வந்ததும் கண்ணீர் வருகிறது, போனதும் நின்றுவிடுகிறது. இதையெல்லாம் நாங்கள் நம்ப வேண்டுமா?" நியாயமான கேள்வி. கண்ணீர் வந்தாலே உண்மை என்று மார்க்கம் சொல்லவில்லை. சூரா யூசுபைப் பாருங்கள். தம்பியைக் கிணற்றில் தள்ளிய அண்ணன்மார்கள் அந்திப் பொழுதில் தந்தையிடம் அழுதுகொண்டேதான் வந்தார்கள். அதே சூராவில், பிரிந்த மகனை எண்ணி எண்ணிக் கண்கள் வெளுத்துப்போன யஃகூப் (அலை) அவர்களின் துயரமும் சொல்லப்படுகிறது. பொய்க் கண்ணீரும் மெய்க் கண்ணீரும் ஒரே சூராவில்! யஃகூப் (அலை) அவர்கள் பிள்ளைகளின் கண்ணீரில் மயங்கிவிடவில்லை. அவர்கள் கொண்டுவந்த சட்டையில் இரத்தம் இருந்தது; ஓநாய் கடித்த கிழிசல் எங்கே என்று பார்த்தார்கள் என விரிவுரையாளர்கள் குறிப்பிடுகிறார்கள். நாமும் தலைவர்களின் கண்ணீரோடு நின்றுவிடாமல் சட்டையைப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்கு வரலாறு இரண்டு உரைகற்களைத் தந்திருக்கிறது.

ஒன்று, நாயகத்தின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாள். பால்குடி மறவாத அக்குழந்தையைக் கையில் ஏந்தியபடி நாயகம் (ஸல்) அவர்கள் கண்ணீர் சிந்தினார்கள். தாங்களுமா அழுகிறீர்கள் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வியந்து கேட்டபோது, இது இரக்கம் என்று விளக்கினார்கள். கண் கலங்கும், உள்ளம் நோகும், ஆனால் இறைவனுக்குப் பொருந்தாத எதையும் நாவு சொல்லாது என்று எல்லையும் வகுத்துக் காட்டினார்கள். அன்றைய தினம் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. இப்ராஹீமின் மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசத் தொடங்கினார்கள். இன்றைய அரசியல்வாதி ஒருவருக்கு இப்படியொரு வாய்ப்புக் கிடைத்தால் விடுவாரா? நாயகம் (ஸல்) அவர்களோ, சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்திற்காகவும் கிரகணமடைவதில்லை, அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்று அந்தத் துயரத்திலும் எழுந்து நின்று மறுத்துவிட்டார்கள். மெய்க் கண்ணீர் தன்னை விற்று எதையும் வாங்குவதில்லை என்பது இதிலிருந்து கிடைக்கும் உரைகல்.

மற்றொன்று, அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியின் சபை. மக்காவின் கொடுமை தாங்காமல் கி.பி. 615-ஐ ஒட்டி முஸ்லிம்கள் அடைக்கலம் தேடிச் சென்ற நாடு அது. அவர்களைப் பிடித்துவரக் குறைஷிகள் அம்ரு இப்னு ஆஸையும் அப்துல்லாஹ் இப்னு அபீ ரபீஆவையும் அன்பளிப்புகளோடு அனுப்பினார்கள். ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் சூரா மர்யமின் தொடக்கத்தை ஓதினார்கள். அரியணையில் இருந்த மன்னர், தம் பாதிரிமார்களும் அந்நிய நாட்டுத் தூதர்களும் பார்த்திருக்க, தாடி நனைய அழுதார். அத்தோடு நின்றாரா? இல்லை. தூதர்கள் கொண்டுவந்த அன்பளிப்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அகதிகளை ஒப்படைக்க மறுத்துவிட்டார். ஈஸா (அலை) அவர்களைப் பற்றி மறுநாள் நடந்த விசாரணையில் சபையோர் முணுமுணுத்தும் அவர் அசையவில்லை. மெய்க் கண்ணீருக்குப் பின்னால் ஓர் இழப்பு இருக்கும் என்பது இந்தச் சபை தரும் உரைகல்.

நம் இரண்டாவது கேள்விக்கான விடையும் இங்கேயே இருக்கிறது. தம் தோழர்களை அங்கே அனுப்பும்போதே, அங்கு ஒரு மன்னர் இருக்கிறார், அவரிடத்தில் எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்து சொன்னார்கள். அப்போது அவர் கிறிஸ்தவ மன்னர். அறியாமைக் காலத்து மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் அநீதிக்கு எதிராகச் செய்யப்பட்ட ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையையும், இன்று அழைக்கப்பட்டாலும் அதில் சேர்வேன் என்று நபித்துவத்திற்குப் பின்னரும் பாராட்டினார்கள். ஈமானுக்கும் இபாதத்துக்கும் வாழ்க்கைக்கும் முழு முன்மாதிரி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருவரே. அந்த இடத்தில் வேறெவரையும் நாம் வைப்பதில்லை. ஆனால் நல்ல பண்பை எவரிடம் கண்டாலும் நல்லது என்று சொல்வதும் அவர்கள் கற்றுத் தந்த ஒழுங்குதான்.

நம் நாட்டில் கண்டவை

இந்த ஒழுங்கோடு நம் தமிழகத்தைப் பார்ப்போம்.

கண்ணியம் என்ற சொல்லைத் தமிழ் மக்கள் ஒரு முஸ்லிம் தலைவரின் பெயரோடு இணைத்தே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். 'கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத்' என்பது அந்த வழக்கு. 1896-இல் திருநெல்வேலியில் பிறந்த முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் 1946 முதல் சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர்கள். பிரிவினைக்குப் பின் முஸ்லிம்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த காலம் அது. முஸ்லிம் லீகைக் கலைத்துவிடுங்கள் என்ற நெருக்குதல் பல திசைகளிலிருந்தும் வந்தது. 1948 மார்ச் 10-இல் சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்று அமைப்பைத் தொடர வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 23-இல் அரசியல் நிர்ணய சபையில், எந்தச் சமுதாயமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். திருத்தம் தோற்றது. தோற்றவர்கள் சபையைத் தூற்றிவிட்டு வெளியேறவில்லை. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் வந்தபோது அதே சபையில் எழுந்து தமிழின் தொன்மைக்காக வாதாடினார்கள். தம் சமுதாயத்துக்காகக் கேட்டது கிடைக்காதபோதும், எல்லோருக்கும் உரிய மொழிக்காகப் பேச அவர்கள் நாவு தயங்கவில்லை. 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரி மக்கள் அவர்களை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினார்கள். 1972 ஏப்ரல் 5-இல் மறைந்து, சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். நம் காரைக்காலை அடுத்துள்ள நாகை மாவட்டம் 1991-இல் தஞ்சையிலிருந்து பிரிந்தபோது அவர்கள் பெயரைத் தாங்கியிருந்தது. 1997-இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அந்தப் பெயரும் போயிற்று. ஆனால் பெயருக்கு முன்னாலிருந்த 'கண்ணியம்' மக்கள் நாவிலிருந்து போகவில்லை.

அடுத்து, கொள்கையில் நமக்கு மிகத் தூரமான இருவரைப் பார்ப்போம். ராஜாஜி தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர், பெரியார் ஈ.வெ.ரா. இறைவனையே மறுத்தவர். சேலம் நகரசபைத் தலைவராக ஒருவரும் ஈரோடு நகரசபைத் தலைவராக மற்றவரும் இருந்த காலந்தொட்டு அவர்கள் நண்பர்கள். அரசியலிலோ கடுமையான எதிரிகள். கட்டாய இந்தியை எதிர்த்த பெரியாரை 1938-இல் சிறையில் வைத்தது ராஜாஜியின் அரசு. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று கண்டித்து ஊர் ஊராய்ப் போராடியவர் பெரியார். ராஜாஜி 1954-இல் பதவி விலகினார். இவ்வளவுக்கும் பிறகு, 1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி காலமானபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து, ஊரார் பார்க்க அழுதார்.

அந்த அழுகைக்கு ஒரு முன்கதையும் உண்டு. 1949-இல் அண்ணாவும் தோழர்களும் பெரியாரைப் பிரிந்து தனிக் கட்சி கண்டபோது, கண்ணீர் விட்டுப் பிரிந்த அவர்களைக் 'கண்ணீர்த்துளிகள்' என்று ஏளனம் செய்தவர் இதே பெரியார். அண்ணாவோ புதிய கட்சியின் தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாகவே வைத்தார். 1967 தேர்தலில் பெரியார் எதிரணியை ஆதரித்தும், வெற்றி பெற்ற அண்ணா முதலில் திருச்சிக்குச் சென்று அவரைச் சந்தித்தார். பிறர் கண்ணீரை ஒரு காலத்தில் எள்ளியவர், தம் முதிர்ந்த வயதில், தம்மைச் சிறை வைத்தவருக்காகத் தம் கண்ணீரை மறைக்கவில்லை.

இதை நாம் சொன்ன உரைகல்லில் உரசிப் பாருங்கள். எதிரியின் மயானத்தில் அழுவதால் பெரியாருக்குக் கிடைத்த வாக்கு எத்தனை? அவர் அப்போது தேர்தல் அரசியலிலேயே இல்லை. தம் தொண்டர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சமும் அவரைத் தடுக்கவில்லை. அவருடைய கொள்கை நமக்கு ஏற்புடையதல்ல; அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் பகைவனின் மரணத்தில் மனிதனாக நின்ற அந்தக் குணத்தைப் பார்க்கும்போது நமக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையதாயிற்றே என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டார்கள். கட்சி மாறியவரின் வீட்டு மையித்துக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முஸ்லிம், இந்த ஹதீஸின் முன்னால் எந்த முகத்தோடு நிற்பான்?

எல்லை கடந்த உணர்ச்சிக்கும் நம் நாட்டில் கசப்பான உதாரணங்கள் உண்டு. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது தற்கொலை செய்துகொண்டவர்களும் தீக்குளித்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் தாய் இருந்தாள், மனைவி மக்கள் இருந்தார்கள். உடையைக் கிழித்துக்கொண்டும் கன்னத்தில் அறைந்துகொண்டும் ஒப்பாரி வைப்பதை மார்க்கம் தடுத்ததன் காரணம் இப்போது விளங்கும். கண்ணீருக்கு அனுமதி தந்த நாயகம்தான், மனிதனை வணங்குமளவு போகாதே என்று வேலியும் போட்டார்கள். தலைவரை நேசிக்கலாம், அவர் மறைந்தால் அழலாம், அவரில்லாமல் உலகமில்லை என்று எண்ணுவது ஈமானுக்கு ஆபத்து.

வீட்டுக்குள் வரவேண்டிய பாடம்

தலைவர்களைப் பற்றி இவ்வளவு பேசியதும் வீட்டுக்கு வருவதற்காகத்தான். நாயகம் (ஸல்) அவர்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளி என்றார்கள். வீட்டுத் தலைவரும் ஒரு தலைவரே. நம் பகுதியில் எத்தனையோ அத்தாமார்கள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்துவிட்டு இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் வருகிறார்கள். பிள்ளைக்குப் பொருள் கொண்டுவருகிறார்கள். பிரிந்திருந்த ஏக்கத்தை மட்டும் சொல்லத் தெரியாமல் திரும்பிப் போகிறார்கள். ஆண்பிள்ளை அழுதால் "பொம்பளை மாதிரி அழாதே" என்று அதட்டுகிறோம். பத்துப் பிள்ளைகளில் ஒருவரைக் கூட நான் முத்தமிட்டதில்லை என்று பெருமையாகச் சொன்ன அக்ரஃ இப்னு ஹாபிஸுக்கு, இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்படமாட்டார் என்பதுதான் நாயகம் தந்த பதில்.

மனைவியிடம் மனத்தைத் திறப்பது ஆண்மைக்குக் குறைவென்று நினைப்போர் ஹுதைபிய்யாவைப் படிக்க வேண்டும். ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, உடன்படிக்கைக்குப் பின் குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று முறை சொல்லியும் தோழர்கள் துயர மிகுதியால் எழவில்லை. படைக்கும் ஆட்சிக்கும் தலைவரான அவர்கள் கூடாரத்தினுள் சென்று, நடந்ததைத் தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். யாரிடமும் பேசாமல் தாங்களே முதலில் குர்பானி கொடுத்து முடி களையுங்கள் என்று அந்த அம்மையார் யோசனை சொன்னார்கள். நாயகம் அப்படியே செய்தார்கள். தோழர்கள் எழுந்து பின்பற்றினார்கள். வீட்டில் மனம் திறந்ததால் நாட்டுக் காரியம் நேரானது.

தாய்மார்களே, தந்தைமார்களே! செய்தி பார்க்கும்போது வீட்டில் நாம் உதிர்க்கும் வார்த்தைகளைப் பிள்ளைகள் சேமித்து வைக்கிறார்கள். பிர்அவ்னைவிடக் கொடியவன் இருக்க முடியாது. அவனிடம் அனுப்பும்போதும் மூஸாவையும் ஹாரூனையும் (அலை) மென்மையாகப் பேசுமாறே அல்லாஹுத் தஆலா பணித்தான். நாம் திட்டுகிற அரசியல்வாதி பிர்அவ்னைவிடக் கெட்டவருமல்லர், திட்டுகிற நாம் மூஸாவைவிட மேலானவர்களுமல்லர். எதிர்த்து வாக்களிக்க நமக்கு உரிமை உண்டு; தவறைத் தவறென்று உரக்கச் சொல்வது கடமையும் கூட. ஆனால் அவருடைய குடும்பத்தை, தோற்றத்தை, நோயை, மரணத்தை ஏசுவதற்கு எந்த உரிமையும் இல்லை.

அடுத்த தேர்தல் வரும்போது மேடையில் நிற்பவரை நம் பிள்ளைகளுக்கு இப்படிக் காட்டுவோம்: அவர் எவ்வளவு உரக்கப் பேசுகிறார் என்று பார்க்காதே, தன்னைத் தோற்கடித்தவரைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்று பார். அவர் அழுகிறாரா என்று பார்க்காதே. அழுத பின் எதைத் திருப்பிக் கொடுத்தார் என்று பார். இந்தப் பார்வை பிள்ளைக்கு வந்துவிட்டால், நாளை அவன் தலைவனாகாவிட்டாலும், பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்பவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வருகிற மனிதனாகவாவது இருப்பான்.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களை இளகியவையாகவும், நம் நாவுகளைக் கண்ணியமானவையாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.